தூத்துக்குடிக்கு ஒரு காவல் கப்பல்

அமெரிக்காவின் எடிசன் ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில், சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கப்பல் டிசைன் கம்பெனிக்கு 1990-லிருந்து ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, லண்டனில் எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்ட காலனித் துறைமுகப் பாதுகாப்பு அலுவலகம். அந்த அலுவலகம் இருந்த கட்டடத்தையே இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள் என்று லண்டன் போய் வந்த ஒருவர் சொன்னார். சொல்லி என்ன, மாதம் தவறாமல் ஃபேக்ஸ் வந்தது. காகிதத்தில் கரிப்புகை வாடை அடிக்கும், ஓரம் லேசாக நனைந்திருக்கும், அவ்வளவுதான். கம்பெனி முதலாளி கோபாலசாமி மயிலாப்பூர்க்காரர், எதற்கும் அசைய மாட்டார். "கிளையன்ட் உயிரோட இருக்கானா செத்தானான்னு பாக்கறது நம்ம வேலை இல்லப்பா. டிராயிங்கை டயத்துக்கு அனுப்பு" என்பார். பேமென்ட் ஒழுங்காக வந்ததால் அக்கவுண்டன்ட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆர்டர் எல்லாம் ஒரே மாதிரிதான். உலகத்தின் ஏதோ ஒரு கோடியில், சாம்ராஜ்யத்துக்குச் சொந்தமாக இருந்த ஒரு துறைமுகம். அதன் வாயில் நின்று காவல் காக்க ஒரு போர்க்கப்பல். தண்ணீருக்கு மேலே முழங்கால் உயரம்தான் தெரிய வேண்டும், எதிரிக்குக் குறி வைக்க இடம் கிடைக்கக் கூடாது. நடுவில் இரும்புச் சுவர், அதற்குப் பின்னால் தேக்குப் பலகை, சுற்றிச் சுழலும் கூண்டுக்குள் பீரங்கி. இப்படித் தாழ்ந்து கிடக்கிற கப்பல் நடுக்கடலுக்குப் போனால் முதல் அலையிலேயே மூழ்கிவிடும். பாதகமில்லை, அது எங்கும் போக வேண்டியதில்லை, நின்ற இடத்தில் நின்றால் போதும். டிராயிங்கை ஃபேக்ஸில் அனுப்பிச் சில வாரங்களில் அந்தக் கப்பல் அந்தத் துறைமுகத்தில் நிற்கும். யார் கட்டினார்கள், எங்கே கட்டினார்கள் என்று ஆஃபீஸில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் அது விளையாட்டு இல்லை என்பது ஆஸ்வின் என்ற துறைமுகத்தின் விஷயத்தில் தெரிந்துபோயிற்று. அந்தக் கப்பலை வரைந்தவன் பிச்சுமணி. வேலையில் கெட்டிக்காரன், ஆனால் அந்த வாரம் அவனுக்கு டெக்ஸாஸில் இன்டர்வியூ இருந்தது. அவசரத்தில் பின்பக்கத்துத் தகட்டை மெல்லியதாகப் போட்டுவிட்டான். கப்பல் போய் நின்ற மறுமாதமே எதிரி வந்தான். எந்த நாட்டு எதிரி என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது; நூறு வருஷத்துக்கு முந்தைய குண்டுகள் மட்டும் வந்து விழுந்தன. கடற்கரைத் தெருவே எரிந்துபோனது. பள்ளிக்கூடம் ஒன்றும் அதில் போயிற்று. ஃபேக்ஸில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுப் பிச்சுமணி அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரம் ரிச்சர்ட்சனில் டெலிகாம் வேலை கிடைத்ததும் போய்விட்டான், அதற்குப் பிறகு அவன் கப்பல் என்ற வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அதே கம்பெனியில் கப்பல் வரைகிற மாரிசாமி தூத்துக்குடிக்காரன். அவன் மனைவி எழிலரசி மன்ஹாட்டனில் ஒரு பேங்கில் புரோகிராமர். காலை ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. 1991-இல் கயல் பிறந்தாள். டேகேரில் விட்டார்கள், வாரத்துக்கு ஒரு காய்ச்சல், காதில் ஒரு இன்ஃபெக்‌ஷன், லீவுக்கு மேல் லீவு. கடைசியில் அந்த அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் பாதிப் பேர் செய்ததையே இவர்களும் செய்தார்கள். பிள்ளையை ஊருக்கு அனுப்பினார்கள். கிரீன் கார்டு அப்ளை பண்ணியாகட்டும், இரண்டு பேர் வேலையும் நிலைக்கட்டும், ஒரு வருஷம்தான் என்றார்கள். எல்லோரும் ஒரு வருஷம்தான் என்றுதான் சொல்வார்கள். மாரிசாமியின் அக்கா மரகதத்துக்குப் பிள்ளை இல்லை, அவள் புருஷன் குமாரசாமி உப்பளத்தில் மேஸ்திரி, தங்கமான மனுஷன். அக்காவே விமானம் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போனாள். ஏர்போர்ட்டில் கயல் அப்பனின் சட்டைக் காலரைப் பிடித்தது பிடித்ததுதான். நாலு பேர் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. எழிலரசிக்குப் பால் கட்டி மூன்று நாள் காய்ச்சல்.

அதற்குப் பிறகுதான் மாரிசாமிக்குப் பயம் வந்தது. எதைப் பார்த்தாலும் பயம். ஊருக்கு எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை. டிவியில் புயல் என்றால் பயம், பேப்பரில் காலரா என்றால் பயம். அந்த நேரம் பார்த்து லண்டன் அலுவலகத்திலிருந்து ஃபேக்ஸ் வந்தது, அடுத்து எந்தத் துறைமுகத்துக்குக் காவல் தேவை என்று கருதுகிறீர்கள் என்று கேட்டு. கோபாலசாமி, "உனக்குத் தோணற ஊரைப் போடு" என்றார். மாரிசாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, தூத்துக்குடி என்று எழுதினான்.

அந்தக் கப்பலை அவன் வரைந்த மாதிரி எந்தக் கப்பலையும் எவனும் வரைந்ததில்லை என்று ஆஃபீஸே சொல்லும். தகட்டை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டான். பீரங்கிக் கூண்டு எந்தப் பக்கமும் மறைவில்லாமல் திரும்ப வேண்டும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்தான். அலுவலகம் ஒரே ஒரு கேள்வி கேட்டது: தூரத்திலிருந்து வருகிறவர்களில் வேண்டியவன் யார், வேண்டாதவன் யார் என்று கப்பல் எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற துறைமுகங்களுக்குக் கொடி, விளக்கு, சங்கேத வார்த்தை என்று எழுதுவார்கள். கொடியைத் திருடலாம், வார்த்தையை விலைக்கு வாங்கலாம், பெரியவர்கள் பயந்தால் பொய் சொல்வார்கள். மாரிசாமி எழுதினான்: வருகிறவனைத் தனக்குத் தெரியும், இன்னார் என்று துறைமுகத்தில் வசிக்கும் ஒரு குழந்தை சொன்னால் உள்ளே விடலாம், அவன் தன்னைப் பற்றிச் சொல்வதும் குழந்தை சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். எழுதும்போது அவனுக்குக் காலரைப் பிடித்த அந்தக் கைதான் மனசில் இருந்தது. உலகத்தில் யார் மறந்தாலும் அவள் மறப்பாளா? டிராயிங்கை அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் தூங்காதவன் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

1993 பொங்கல் கழிந்து கப்பல் தூத்துக்குடியில் வந்து நின்றது. ஊர் முதல் நாள் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் வேலைக்குப் போனது. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குத் தொந்தரவில்லை, எல்லார் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது, திரும்பி வரும்போது ஏதாவது ஒன்று கரையில் நின்று "எங்க சித்தப்பா" என்று கத்தும். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கப்பலில் பீரங்கி வெடிக்கும், உப்பளத்தில் சோற்றுவாளியைத் திறப்பார்கள். அடையாளம் கேட்கிற வேலைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார், வெயிலானாலும் கம்பளிக் கோட்டோடுதான் வருவார், பழைய பாதிரியார்களைப் போல இலக்கணமாகத் தமிழ் பேசுவார். கப்பல் துரை என்று ஊரில் அவருக்குப் பெயர். புயல்கூட அந்த வருஷம் ஊரை ஒதுங்கிப் போனது.

ஒரு வருஷம் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிவர மாரிசாமி கென்னடி ஏர்போர்ட்டில் விமானம் ஏறினான். சாப்பிட்டான், தூங்கினான், இறங்கி வெளியே வந்து பார்த்தால், எடிசனுக்குப் பக்கத்திலிருக்கும் நெவார்க் ஏர்போர்ட். பக்கத்து சீட்டுக்காரர் மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருந்தார். இவன் பெட்டியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது, அதிலிருந்த பொம்மையும் சாக்லேட்டும் அக்கா கைக்குக் கிடைத்துவிட்டன. ஆள் மட்டும்தான் போகவில்லை. ஏர்லைன்ஸ்காரர்கள் மன்னிப்புக் கேட்டு அடுத்த டிக்கெட்டுக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். மறுநாள் மரகதம் போன் பண்ணினாள். "ஏலே மாரி, கப்பல் துரை வீட்டுக்கே வந்துட்டாருலே. அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் வாறாரு, மீசை வச்சிருப்பாரு, பேரு மாரிசாமி, உனக்குத் தெரியுமான்னு பிள்ளைகிட்ட கேட்டாரு. அது என் முந்தானைக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டு. நான் எம்புட்டோ சொன்னேன், பெரியவங்க சொல்லு செல்லாதுன்னுட்டாரு."

அடுத்த வருஷம் எழிலரசி போனாள். பெற்ற வயிறு, தன்னை அடையாளம் தெரியாமல் போகாது என்று அவளுக்கு நம்பிக்கை. அவளும் நெவார்க்கில்தான் வந்து இறங்கினாள். கூட்டிவர மாரிசாமி போயிருந்தான். காரில் உட்கார்ந்த பிறகு, "என்னங்க, அந்தக் கப்பலை யாரு கேட்டா? உங்களை யாராவது கேட்டாங்களா?" என்றாள். அவன் காரைக் கிளப்பினான். அன்றோடு அவள் டிக்கெட் எடுப்பதை நிறுத்திவிட்டாள், இன்னொரு பிள்ளை என்ற பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

அப்படியானால் பிள்ளையை அங்கிருந்து அனுப்பச் சொல்ல வேண்டியதுதானே என்று எடிசனில் கேட்காத ஆள் இல்லை. அதையும் பார்த்தார்கள். குமாரசாமி கயலை மெட்ராஸ் ரயிலில் ஏற்றினார். மணியாச்சி ஜங்ஷனில் வண்டி நின்றது, பிளாட்ஃபாரத்தில் கம்பளிக் கோட்டோடு துரை நின்றார். உன்னை யாரிடம் அழைத்துப் போகிறார்கள், அவர்களை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றது பிள்ளை. துறைமுகத்துக் குழந்தையைத் தெரியாதவர்களிடம் கொடுப்பதற்கில்லை என்று சொல்லி, இரண்டு பேருக்கும் காபி வாங்கிக் கொடுத்து, அடுத்த வண்டியில் ஊருக்கே ஏற்றிவிட்டார். அவர் செய்ததில் என்ன தப்பு சொல்ல முடியும்? நீங்களானாலும் நானானாலும் அதைத்தான் செய்திருப்போம்.

மாரிசாமி அந்த விதியை எடுத்துவிடும்படி திருத்தம் எழுதி அனுப்பினான். பணியில் இருக்கும் கப்பலைத் திருத்த வேண்டுமானால் அதைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும், இந்தக் கப்பல் நடுக்கடலைத் தாண்டாது என்பதை வடிவமைத்தவர் அறிவார் என்று பதில் வந்தது. அறிவான், நன்றாகவே அறிவான். கப்பலை மூழ்கடிக்கவும் அவனுக்குத் தெரியும். அடித்தட்டில் ஒரு வால்வு இருக்கிறது, அக்காவிடம் சொன்னால் உப்பள ஆட்களில் யாரையாவது பிடித்துத் திறந்துவிடலாம். போனைப் பலமுறை கையில் எடுத்திருக்கிறான். எடுக்கும்போதெல்லாம் ஆஸ்வின் துறைமுகத்தின் எரிந்த பள்ளிக்கூடம் கண்ணுக்கு முன்னால் வரும். காவல் இல்லாத ஊரில் கயல் இருப்பாள், அவளைப் போய்ச் சேர இவனுக்கு இரண்டு நாளாகும். போனைக் கீழே வைத்துவிடுவான். எந்தப் பக்கம் போனாலும் சுவர் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று, அந்தச் சுவரை இரண்டு மடங்கு கனமாகப் போட்டவனும் அவனேதான்.

வருஷங்கள் போயின. ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைகள் பெருகின. கம்பெனி ஆட்கள் மில்பிடாஸுக்கும் டெக்ஸாஸுக்கும் சிதறினார்கள். மாரிசாமியின் காதோர முடி நரைத்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். பிள்ளைக்குத் தினமும் போட்டோவைக் காட்டு என்று அக்காவிடம் சொல்வான், அவளும் காட்டினாள், அதில் பொய்யில்லை. ஒரு ஞாயிறு கயலே போனை எடுத்து, "மாமா, நீங்க அனுப்புன சாக்லேட் வந்துட்டு, தேங்க்ஸ்" என்றாள். மாரிசாமி அக்காவைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினான். மரகதம் அழுதாள். "நான் என்னலே செய்ய? பள்ளிக்கூடத்துல பேர் பதியும்போது அம்மா அப்பா யாருன்னு கேட்டாங்க. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைன்னு நாலு பேர் சொல்லிரக் கூடாதுல்லா. அதுவா எங்களை அம்மா அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலலே." வளர்த்தவள் மேல் கோபப்பட முடியுமா? கோபம் வந்தது, ஆனால் அதை வைக்க இடம் கிடைக்கவில்லை.

கிரீன் கார்டு வந்தது. அதற்காகத்தானே எல்லாம் என்று எழிலரசி கார்டைப் பார்த்தாள், டிராயரில் போட்டாள். மாரிசாமி கடைசியாக ஒரு விண்ணப்பம் அனுப்பினான். துரை கேட்டபோது தன் முகத்தைக் குழந்தை நேரில் பார்க்கவே இல்லை, சொல்லக் கேட்டுத்தான் தெரியாது என்றது, இது நியாயமா என்று கேட்டான். அலுவலகம் அதை ஒப்புக்கொண்டது. நுழைவு கோருபவர் பகல் வெளிச்சத்தில் கடல் வழியாக வந்து கப்பலுக்கு முன்னால் முகம் காட்டலாம், குழந்தையையும் அங்கே அழைத்து வருவோம் என்று எழுதியது. விசா இன்டர்வியூ மாதிரிதான் என்று கோபாலசாமி தைரியம் சொன்னார்.

2001 ஜனவரியில் மாரிசாமி கொழும்புக்குப் பறந்தான். இந்த முறை விமானம் அவனைக் கொழும்பிலேயே இறக்கியது. தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த தோணி ஒன்று திரும்பப் போய்க்கொண்டிருந்தது. சண்டைக் காலம், ஆள் ஏற்றக் கூடாது. ஆனாலும் தோணியை ஓட்டுகிற தண்டல் கதையைக் கேட்டுவிட்டு, "ஏறுங்க அண்ணாச்சி" என்றார். மறுநாள் வெயில் ஏறிய நேரம் கப்பல் தெரிந்தது. தான் வரைந்த ஒன்றை மாரிசாமி நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு கோடு பிசகவில்லை. தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது, பீரங்கிக் கூண்டு சத்தமில்லாமல் திரும்பித் தோணியைப் பார்த்தது. அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கப்பலின் தாழ்ந்த தளத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு, ரிப்பன் வைத்த இரட்டைச் சடையோடு கயல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்குத்தான் தண்ணீர். போட்டோவில் பார்த்ததைவிட உயரம். துரை தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீர் யார்?" என்று கேட்டார்.

"நான் இவளோட அப்பா."

துரை குழந்தை பக்கம் குனிந்தார். "இவரை அறிவாயா, அம்மா?"

"தெரியுமே" என்றாள் கயல். தண்டல் சந்தோஷத்தில் மாரிசாமியின் தோளைப் பிடித்தார். "போட்டோல இருக்கிற மாமா. அமெரிக்கால இருந்து சாக்லேட் அனுப்புவாங்க."

துரை நல்ல மனுஷன். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும், எந்தக் காலத்திலோ. தளத்தின் விளிம்புக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், குழந்தை உம்மை அறிந்திருக்கிறது, அது போதுமானதே. நீர் அவளுடைய மாமா என்று சொல்லும், இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகும், உள்ளே போகலாம். ஆனால் இங்கே சொன்ன உறவுதான் கரையிலும் உறவு, பிறகு மாற்றுவதற்கில்லை. மாரிசாமி தலையை ஆட்டினான். ஒரு வார்த்தைதானே. சொன்னால் இறங்கலாம், அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவள் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். மாமாவாகவாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்று நிஜமாகவே முடிவு செய்துவிட்டான். அவன் வாயைத் திறந்த நேரம் வெயிலுக்காகக் கயல் ஒரு கண்ணை மட்டும் சுருக்கிப் பார்த்தாள். எழிலரசி சின்ன எழுத்தைப் படிக்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

"நான் அப்பா, கண்ணு" என்றுதான் வந்தது.

கயலுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பெரியவர்கள் தப்பாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு வருகிற சங்கடம். துரையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவமரியாதையாக ஆகிவிடாதபடி பொறுமையாகச் சொன்னாள்.

"இல்ல மாமா. எங்க அப்பா உப்பளத்துல இருக்காங்க."

துரை தொப்பியைப் போட்டுக்கொண்டார். தோணி கரைக்குப் போகலாம், பெட்டியும் போகலாம், இவர் இந்தப் பக்கமாக வரட்டும் என்று கப்பலின் இரும்பு ஏணியைக் காட்டினார். தண்டல் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாரிசாமி தண்ணீரில் கால் நனைய ஏணியில் ஏறினான். கயல் நாற்காலியிலிருந்து எழுந்து, "டாட்டா மாமா" என்று கையாட்டினாள். அவனும் கையாட்டினான். தளத்தில் கால் வைத்ததும் முன்னால் ஒரு வரிசை நின்றது; அவனும் அதில் நின்றான். டியூப் லைட் வெளிச்சம், கார்ப்பெட், கண்ணாடிக் கூண்டுக்குள் நெவார்க் இமிக்ரேஷன் அதிகாரி. அவர் கிரீன் கார்டைத் திருப்பிப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார், நிமிர்ந்து சிரித்தார்.

"வெல்கம் ஹோம், சார்."

"தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு மாரிசாமி ஈரச் செருப்போடு வெளியே வந்தான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. எழிலரசி காரை ஓரமாக நிறுத்தியிருந்தாள். அவன் காலைப் பார்த்தாள், ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.